வாய்க்கட்டு

ஆமாம். அந்தப் பிணம் நான்தான்.

சிரிக்கலாம், தப்பில்லை. தாம்பரத்தில் ஏறியதிலிருந்து நீங்கள் உங்கள் போனைப் பார்ப்பதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக இருக்கிறீர்கள். மூக்கில் பஞ்சு இல்லை, தாடையைச் சுற்றி வாய்க்கட்டு இல்லை, அதனால்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. செங்கல்பட்டு வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டீர்கள். போன மாதம் எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு விழுப்புரம் வரை ஆயிற்று.

அந்த வீடியோவை அணைத்துவிடுங்கள், தயவுசெய்து. பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், எனக்கு ஏதோ விருது கிடைத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. முப்பத்தொரு வருடம் நாடகம் நடித்தேன். அத்தனைக்கும் வந்தவர்களைக் கூட்டினால் அதில் கால் பங்கு தேறாது. அந்தக் கால் பங்கிலும் பாதிப் பேர் இடைவேளையில் போண்டா சாப்பிடப் போய்த் திரும்பாதவர்கள். அவர்களுக்காக நான் ராஜாவாகவும் மந்திரியாகவும் மாமனாராகவும் நின்று தொண்டை வறளப் பேசியிருக்கிறேன். ஒருவருக்கும் நினைவில்லை. படுத்துக்கொண்டு ஐந்தாறு சொல் சொன்னேன், ஊரே பார்க்கிறது.

பெயர் ஏகாம்பரம். ஆரணிப் பக்கம். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினேன். சாயங்காலம் சபாக்களில் நாடகம். நான் பிறந்த ஊர்ப் பேச்சு வேறு. மேடையில் முப்பத்தொரு வருடமும் பெரும்பாலும் மயிலாப்பூர்க்காரனாகவே பேசினேன். மயிலாப்பூர்க்காரர்களே வந்து, எந்தத் தெரு நீங்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

நடிப்பு என்றால் உணர்ச்சி என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். உணர்ச்சியாவது. எனக்கு முன்னால் மூன்று பேர் முகத்தில் ஒற்றிய அதே ஸ்பாஞ்சை என் முகத்தில் ஒற்றுவார்கள். டோப்பாவுக்குள் போன வாரத்து வேர்வை மணக்கும். மேடைக்கு மேலே மூன்று மைக் தொங்கும். சபா நாடகத்தில் பாசம், துரோகம், மரணம் எல்லாமே அந்த மூன்று மைக்குக்கும் கீழேதான் நடந்தாக வேண்டும். ஒரு நாடகத்தில் எனக்கு மாரடைப்பு வரும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்து, மைக்குக்கு நேர் கீழே வந்து சாய்வேன். இதில் எங்கே உணர்ச்சி? நடிப்பு என்பது பாடம். எழுதியதை எழுதியபடி, எழுதிய இடத்தில் சொல்வது. ‘ஆனால்’ என்று எழுதியிருந்தால் ‘ஆனா’ என்று சொல்லக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லித்தான் நான் எல்லாருக்கும் ஆகாதவனானேன்.

எனக்கு ஒரு பழக்கம். என் வசனம் மட்டுமல்ல, எல்லார் வசனமும் எனக்கு மனப்பாடம். ஒத்திகையில் யார் தவறினாலும் உடனே திருத்துவேன். மேடையில் தவறினால் அங்கேயே, உதட்டை அசைக்காமல், மெதுவாகத் திருத்துவேன். சிலருக்கு அது பிடிக்காது. திறமையில்லாதவர்களுக்குப் பிடிக்காது.

எங்கள் குழுவுக்கு முதலாளி, கதாசிரியர், இயக்குநர், கதாநாயகன் எல்லாமே சேஷாத்ரி என்ற ஒரே ஆள். போன வருடம் தை மாதம் அவர் ஒரு புது நாடகம் எழுதினார். ‘மூன்றாம் போர்ஷன்’ என்று பெயர். அதில் ரிடையரான ரயில்வே கார்டு ஒருவர் முதல் அங்கத்தின் முடிவில் இறந்துபோகிறார். இரண்டாம் அங்கம் முழுக்க, இருபத்திரண்டு நிமிடம், கூடத்தில் பிணமாகக் கிடக்கிறார். பிள்ளைகள், அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று சண்டை போடுகிறார்கள். கடைசியில் அந்த அம்மாள் பிணத்தின் தலைமாட்டில் குனிந்து அழுது பேசுகிறாள். திரை.

அந்தக் கார்டு வேஷத்துக்கு என்னைக் கூப்பிட்டார். “ஏகாம்பரம் சார், இதை உங்களைத் தவிர யாராலும் பண்ண முடியாது. இருபத்திரண்டு நிமிஷம் பேசாம இருக்கணும். கஷ்டமான வேஷம்” என்றார். மற்றவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சைடில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிற பிராம்ப்டர் பலராமன் கையே தட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கஷ்டமான வேஷம்தான். மூச்சு வயிற்றில் போகக் கூடாது, விலாவில் போக வேண்டும். இமைக்குள் கருவிழி உருளக் கூடாது. போன தடவை போட்ட சாமந்தி மாலையையே மறுபடி போடுவார்கள், அதிலிருந்து எறும்பு வரும். கால்கட்டு, கைக்கட்டு, தாடைக்கு வாய்க்கட்டு. வாய்க்கட்டை மட்டும் பலராமன் இறுக்கிக் கட்டுவார். இரண்டு முடிச்சு.

என் மனைவியாக நடித்தவர் குமுதவல்லி அம்மாள். நாடகத்தில் அவர் பெயர் அலமேலு. இருபத்திரண்டு வருடமாக எந்த நாடகம் போட்டாலும் அவர்தான் என் மனைவி. அந்த வருடங்களில் நாங்கள் மேடைக்கு வெளியே பேசியதைத் தொகுத்தால் ஒரு தபால் கார்டில் அடங்கும். அவர் ‘சார்’ என்பார், நான் ‘குமுதாம்மா’ என்பேன். அவ்வளவுதான். நங்கநல்லூரில் தனியாக இருந்தார். கணவர் இல்லை. விருத்தாசலத்தில் ஒரு மகள், நித்யா என்று பெயர். இங்கே வந்துவிடு என்று அந்தப் பெண் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். நாடகம் இருக்கிறது என்று இவர் சொல்லிக்கொண்டே இருப்பார். நல்ல நடிகை. வசனத்தில் பிசகாதவர். வேறு யாரையும் நான் அப்படிச் சொன்னதில்லை.

நாடகம் மூன்றாவது முறை மேடையேறியபோது அது நடந்தது. பிள்ளைகள் சண்டை முடிந்தது. அவர் வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார், அந்தப் புடவைச் சத்தம் கேட்டது. ‘ஏன்னா’ என்றார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. சரி, அழுகைக்கு இடம் விடுகிறார் என்று நினைத்தேன். பத்து விநாடி. பதினைந்து விநாடி. நான் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறேன், அவருடைய மூச்சு என் நெற்றியில் படுகிறது, அது நடிக்கிற மூச்சு இல்லை. பலராமன் சைடிலிருந்து வசனத்தை எடுத்துக் கொடுக்கிறார். அவர் குரல் மூன்றாவது வரிசைக்குக் கேட்கும், மேடை நடுவில் கேட்காது. அதுதான் அவர் லட்சணம்.

நான் எடுத்துக் கொடுத்தேன். பல்லைக் கடித்தபடி, வாய்க்கட்டுக்கு உள்ளேயிருந்து, காற்றாக. குமுதாம்மா பிடித்துக்கொண்டார். காட்சி தப்பியது.

அடுத்த முறை மேடையேறியபோது, திரை எழும்புவதற்குள், எனக்குப் போர்த்துகிற சாக்கில் பக்கத்தில் வந்தார். “சார், அன்னிக்கு மாதிரி இன்னிக்கும் எடுத்துக் குடுப்பீங்களா?” என்றார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒவ்வொன்றாகப் போகிறது என்றார். அடுப்பில் வைத்தது, சாவி வைத்த இடம், இப்போது இது. “யார்கிட்டயும் சொல்லாதீங்க. இதுவும் போச்சுன்னா, நான் அந்த ஊர்ல ஒரு ரூம்ல உக்காந்துக்கிட்டு இருக்கணும். வேற ஒண்ணும் தெரியாது சார் எனக்கு.”

நான் சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. தையிலிருந்து சித்திரை வரை பதினாலு காட்சிகள், பிணம் பிராம்ப்ட் செய்தது.

இது எத்தனை நுணுக்கமான வேலை தெரியுமா? உதடு ஒட்டினால் முன்வரிசைக்குத் தெரிந்துவிடும். ப, ம என்று வந்தால் உதடு ஒட்டியே ஆகும். பழைய புலவர்கள் உதடு ஒட்டாமலே முழுப் பாட்டு எழுதியிருக்கிறார்கள். அதற்கு நிரோட்டகம் என்று பெயர். நான் அதைத்தான் செய்தேன். அவருடைய வசனத்தில் ஒவ்வொரு வரியிலும் உதடு ஒட்டாத ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் கொடுப்பேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் மீதி வரியை ஏறிவிடுவார். சபையில் அழுவார்கள். பிணத்தின் காதில் அவர் என்னவோ ரகசியம் கேட்கிற மாதிரி இருக்கிறது, எப்பேர்ப்பட்ட நடிப்பு என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். அவருக்கு மட்டும்தான் பாராட்டு. எனக்கு ஒரு வரி இல்லை. இருக்கட்டும்.

சேஷாத்ரிக்கு மட்டும் சந்தேகம். ஒத்திகைகளில் குமுதாம்மா தடுமாறுவதைப் பார்த்துவிட்டார். சின்னத்திரையில் நடிக்கிற ஒரு பெண்ணைக் கூட்டிவந்து மூலையில் உட்காரவைத்து வசனத்தைப் படிக்கச் சொன்னார். முப்பத்தைந்து வயது, வெள்ளைப் பவுடர் அடித்துக் கிழவியாக்கலாம் என்றார். கோடை நாடக விழாவில் போட்டி. அங்கே ஒரு சின்னப் பிசகு நடந்தாலும் அடுத்த காட்சியில் அந்தப் பெண்தான் என்று பலராமன் என்னிடம் சொன்னார். குமுதாம்மாவிடமும் சொல்லியிருப்பார். அவரால் எதையும் வைத்துக்கொள்ள முடியாது.

விழா நடந்த மன்றம் புதிது. தொங்கும் மைக் இல்லை. எல்லாம் நவீனம். அலமேலுவின் அழுகை நன்றாகக் கேட்க வேண்டும் என்று என் கழுத்து மாலைக்குள், இதோ இங்கே, ஒரு மைக்கை ஒளித்து வைத்துவிட்டார்கள். நான் மூச்சு விட்டால் பால்கனிக்குக் கேட்கும்.

ஆகவே அன்று எடுத்துக் கொடுக்க முடியாது. முன்னாலேயே தெரிந்துவிட்டதால், ஒரு வாரம் காலையில் நங்கநல்லூர் போய் அவரோடு உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. நாற்காலியில் ஒரு தலையணையை வைத்து அதைப் பிணமாக நினைத்துக்கொண்டு சொல்வார். விழா அன்று மேக்கப் அறையில் என்னிடம் வந்து, “இன்னிக்கு நீங்க பேசாம படுத்திருங்க சார். என்ன ஆனாலும் பேசாதீங்க. நான் பாத்துக்கறேன்” என்றார். சரி என்றேன்.

சரி என்றுதான் சொன்னேன். ஒப்புக்கொள்கிறேன்.

அன்று அவர் பேசினாரே. அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. ஒரு வரி தடுமாறவில்லை, ஒரு சொல் விடவில்லை. நான் உள்ளுக்குள் ஒவ்வொரு வரியையும் டிக் அடித்துக்கொண்டே வருகிறேன். சபையில் இருமல் சத்தம்கூட இல்லை. கடைசி வரி வந்தது. எழுதியிருப்பது இது: ‘எனக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போகப்படாதா?’ அவ்வளவுதான். ஐந்தே சொல்.

அவர் குனிந்தார். கண்ணீர் என் காதுக்குள் விழுந்தது. சொன்னார்: “ஏன்னா, நான் தடுமாறினப்பல்லாம் எடுத்துக் கொடுத்தேளே. இனிமே யார் எடுத்துக் கொடுப்பா?”

எழுதாத வரி. எங்கேயும் இல்லாத வரி. நீங்களே யோசியுங்கள், அந்தப் பாத்திரம் ரயில்வே கார்டு. கொடி காட்டியவர். அவர் யாருக்கு எதை எடுத்துக் கொடுத்தார்? கதைக்குப் பொருந்துகிறதா? மறந்துவிட்டார், கடைசி அடியில் வழுக்கிவிட்டார், அந்தப் பெண்ணுக்கு வேஷம் போய்விடும், இதெல்லாம் எனக்கு ஒரு நொடியில் ஓடியது. ஓடியதா, இல்லை தவறு என்று கேட்டவுடனே வாய் போய்விட்டதா, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

“அது இல்லை, குமுதா. ‘எனக்கு ஒரு வழி’.”

மன்றம் முழுக்கக் கேட்டது. குமுதா என்பதில் மகரம் இருக்கிறது, உதடு ஒட்டியது, அதை நீங்கள் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். இருபத்திரண்டு வருடத்தில் ‘அம்மா’ சேர்க்காமல் அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

சிரித்தார்கள். நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். மூத்த மகனாக நின்ற சேஷாத்ரி, பார்த்தார், பிழைக்கத் தெரிந்தவர், “டேய், அப்பா செத்தும் திருத்தறார்டா” என்றார். அதற்கு இன்னொரு சிரிப்பு. மூன்று நிமிடம் ஓயவில்லை. என் தலைமாட்டில் குமுதாம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் கண்ணைத் திறக்கவில்லை. பிணம் கண்ணைத் திறக்கக் கூடாது.

திரை விழுந்த பிறகு குமுதாம்மா என்னைப் பார்க்காமல் என் வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டார். அது பலராமன் வேலை. அன்று இவர் செய்தார். செய்துவிட்டுப் போய்விட்டார்.

போட்டியில் எனக்குப் பரிசு. சிறந்த நகைச்சுவை நடிகர். பித்தளைத் தட்டில் என் பெயரைப் பிழையாகப் பொறித்துக் கொடுத்தார்கள். மறுவாரமே சேஷாத்ரி நாடகத்தை மாற்றி எழுதிவிட்டார். கடைசியில் பிணம் பேசும். குமுதாம்மா இடத்துக்கு வந்த அந்தப் பவுடர் கிழவி ஏதாவது ஒரு வரியை வேண்டுமென்றே தப்பாகச் சொல்ல வேண்டும், நான் படுத்தபடி திருத்த வேண்டும். சபாக்கள் வரிசையாகத் தேதி கொடுத்தன. இதைவிட அசிங்கம் ஒன்று உண்டா? அழ வந்தவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புவது. எனக்கு ஒவ்வொரு காட்சியும் அருவருப்பாக இருந்தது.

பதினொரு காட்சிகள் பேசினேன்.

குழுவை நடுவில் கைவிட முடியுமா? நீங்கள் சொல்லுங்கள். சரி, சொல்ல வேண்டாம். பன்னிரண்டாவது காட்சியன்று வாய்க்கட்டைக் கட்டும்போது வாந்தி வந்துவிட்டது. மேலே போட்டிருந்த பட்டு அங்கவஸ்திரம் சேஷாத்ரியின் சொந்தம். அதோடு விட்டுவிட்டேன்.

விருத்தாசலத்திலிருந்து அந்தப் பெண் நித்யா கடிதம் போட்டாள். அம்மா இங்கேதான் இருக்கிறாள், யாரையும் அடையாளம் தெரிவதில்லை, எப்போதும் எதையோ முணுமுணுக்கிறாள், அது நாடக வசனம் போலிருக்கிறது, உங்களிடம் அந்தப் புத்தகம் இருந்தால் அனுப்புங்கள் என்று. புத்தகத்தை நானே எடுத்துக்கொண்டு போனேன். தபாலில் பக்கம் கிழிந்துவிடும்.

என்னை அவருக்குத் தெரியவில்லை. காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். ரயிலில் உட்கார்ந்து வந்த முதுகுவலி. கூடத்துக் கட்டிலில் கொஞ்சம் சாயட்டுமா என்று கேட்டுப் படுத்தேன். கண்ணை மூடினேனோ இல்லையோ, புடவைச் சத்தம். தலைமாட்டில் வந்து உட்கார்ந்தார். ‘ஏன்னா’ என்றார். அடுக்களையிலிருந்து நித்யா கரண்டியோடு ஓடிவந்து வாசலில் நின்றுவிட்டாளாம்.

முழுக்கச் சொன்னார். நடுவில் ஒன்றிரண்டு இடத்தில் நின்றார், நான் எடுத்துக் கொடுத்தேன். கடைசி வரிக்கு வந்ததும் அதே தப்பு. இனிமே யார் எடுத்துக் கொடுப்பா என்றார். நான் திருத்தினேன். ஆமாம், திருத்தினேன். பாடம் பாடம்தானே.

அதிலிருந்து மாதம் ஒரு தடவை, இரண்டாவது சனிக்கிழமை, இந்த வண்டி. அடுத்த மாதமும் அதே தப்பு, அதே திருத்தம். அதற்கடுத்த மாதமும். நித்யா கேட்டாள், “மாமா, அவங்க சொல்றபடியே சொல்லட்டுமே, இங்க யார் மார்க் போடறாங்க?” என்று. விவரம் தெரியாத பெண். நடிப்பு என்றால் என்னவென்று ஒரு மணி நேரம் விளக்கினேன்.

ஆனால் ஐந்தாவது மாதம் நான் திருத்தவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். களைப்பாக இருந்திருக்கும். அந்த வரியைக் கேட்டுக்கொண்டு சும்மா கிடந்தேன். அவருடைய கண்ணீர் என் காதுக்குள் விழுந்தது. ஆறாவது மாதமும் அப்படியே கிடந்தேன். ஊருக்குத் திரும்பினால் அடுத்த இரண்டாவது சனிக்கிழமை எப்போது என்று நாட்காட்டியைப் பார்க்க ஆரம்பித்தேன். அவ்வளவு கேவலமாகப் போய்விட்டது என் நிலைமை, எழுதாத ஒரு வரிக்காக.

உளுந்தூர்ப்பேட்டை தாண்டியாயிற்றா? அடுத்து நான் இறங்க வேண்டும்.

போன மாதம் போனேன். படுத்தேன். சொன்னார். எங்கும் நிற்கவில்லை, எங்கும் என்னைத் தேடவில்லை. கடைசி வரி. குனிந்தார். “எனக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போகப்படாதா?”

சரியான வரி. எழுத்துக்கு எழுத்து சரி. நாலு மாதம் நான் சொல்லிக் கொடுத்தது ஒருவழியாக ஏறிவிட்டது. என் பாடம் ஜெயித்துவிட்டது. எழுந்து கைதட்ட வேண்டியவன் நான்தான்.

கட்டிலில் கிடந்தேன். அவர் எழுந்திருக்கப் போகிற சத்தம் கேட்டது. அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். கண்ணைத் திறக்காமல், பல்லைக் கடித்தபடி, பழையபடி காற்றாக, எடுத்துக் கொடுத்தேன். ‘நான் தடுமாறினப்பல்லாம்...’ என்று.

அவர் நின்றார். குனிந்தார். நடிக்கிற குரலில் இல்லை, மேக்கப் அறையில் பேசுவாரே, அந்தக் குரலில், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி சொன்னார்.

“அது புத்தகத்துல இல்லையே, சார்.”

வேகம் குறைகிறது. இல்லை, அந்தப் பையை நானே எடுத்துக்கொள்கிறேன், கனமில்லை, ஒரு மாலைதான். என்னிடம் இருப்பது பொத்தான் போன், இதில் படம் வராது. உங்கள் போனை ஒரு நிமிடம் என் பக்கம் திருப்பி வையுங்கள். அந்த வீடியோவைப் போடுங்கள். முதலில் அவர் அந்த வரியைச் சொல்வது வரும், கொஞ்சம் மெலிதாக, எல்லாரும் என் சத்தத்துக்காகக் காத்திருப்பதால் அதை யாரும் கேட்பதில்லை. அது வரைக்கும் போதும்.

நான் வாயைத் திறப்பதற்குள் நிறுத்திவிடுங்கள்.